பழைய மோட்டாருக்குப் புதிய மூச்சு

பழுதுற்ற பொருளை எறிந்துவிடுதல் எளிது. அதன்கண் இன்னும் உழைக்கவல்ல பகுதி யாதென ஆராய்ந்து காத்தல் அரிது. நம் நாட்டு வீடுகள் சிலவற்றில் இன்றும் துணி போர்த்து நிறுத்தப்பட்டிருக்கும் அம்பாஸடர் வண்டியைப் பற்றியும் இவ்வாராய்ச்சி எழுகின்றது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிற் செய்யத் தொடங்கியது இவ்வண்டி. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றது. உடலும் என்ஜினும் உறுதியாயிருந்தும், குளிர்ந்த காலையில் எளிதிற் கிளம்பாமையும், பெட்ரோலை மிகுதியாக உண்ணுதலும், புகை கக்குதலும் அதன்மேற் சொல்லப்படுங் குறைகள். இவற்றிற்குப் பெரும்பான்மையுங் காரணமாவது கார்புரேட்டர். அதனை நீக்கிப் பெட்ரோலை அளந்து பீச்சும் அமைப்பைப் பொருத்தலாமோ, பொருத்துவது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் கார்புரேட்டரின் இயல்பை அறிதல் வேண்டும். எம்மூராகிய விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகளிற் சென்று பார்ப்போர், பொம்மைகளின்மேல் மெருகுக் கலவை தெளிக்குந் துப்பாக்கியைக் கண்டிருப்பர். விரைந்து செல்லுங் காற்று, கிண்ணத்திலுள்ள கலவையைத் தன்னோடு இழுத்துச் சிறு துளிகளாகச் சிதறுகின்றது. கார்புரேட்டரின் தொழிலும் இதுவே. என்ஜின் உள்ளிழுக்குங் காற்று ஓர் ஒடுங்கிய கழுத்தின் வழியே விரையும். ஆங்கு அழுத்தங் குறையும். குறையவே, மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு நுண்துளை வழியாக மேலெழுந்து காற்றோடு கலக்கும். எஸ்.யு. என்னும் வகையில், காற்றின் அளவுக்கேற்ப எழுந்தும் தாழ்ந்தும் நிற்கும் ஒரு பிஸ்டனும், அதனோடு சேர்ந்த கூரிய ஊசியும் அத்துளையைத் திறந்தும் அடைத்தும் அளவு செய்யும். மின்சாரமின்றி, ஒரு திருப்புளியாற் சீர்செய்யத்தக்க இக்கருவி மதிநுட்பத்தின் விளைவே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதற்கோர் எல்லையுண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிதற்கு, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரோ காற்றின் ஓட்டத்தை உணருமேயன்றி, அதன் அடர்த்தியை முற்றும் அறியாது. உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களிற் காற்று அடர்த்தி குறைந்திருப்பினும், பெட்ரோலை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளாது. ஆதலின் கலவை கொழுத்துக் கரும்புகை எழும். இக்காலத்தில் வேறொரு சிக்கலுஞ் சேர்ந்துள்ளது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு 20 என்னும் அளவை எட்டியது. எத்தனால் எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். எனவே பழைய அளவில் திருத்தி வைத்த கார்புரேட்டர் அக்கலப்பெட்ரோலுக்கு மெலிந்த கலவையைத் தரும். பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்கவல்லது.

பீச்சும் முறையோ அளந்து கொடுப்பது. காற்றின் அழுத்தம், வெப்பம், நீரின் சூடு, என்ஜினின் வேகம், மிதிகட்டையின் நிலை ஆகியவற்றை உணர்கருவிகள் ஒரு சிறு கணிப்பொறிக்கு அறிவிக்கும். அது கணக்கிட்டு, இன்ஜெக்டர் என்னும் மின்வால்வைத் திறக்கும். வண்டி நின்றிருக்க என்ஜின் மட்டும் ஓடுங்கால், ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது ஒரு செகண்டை ஆயிரங் கூறாக்கிய இரண்டு மூன்று கூறுகளே. 1967-ஆம் ஆண்டில் பாஷ் கம்பெனியாரின் மின்பீச்சு முறை வோக்ஸ்வாகன் வண்டியில் வெளிவந்தது. 1976-இல் ஆக்ஸிஜன் உணர்கருவி வோல்வோ வண்டியில் ஏறியது.

இவ்விடத்தில் எம்மூரார் பெருமிதங்கொள்ளத் தக்கதொரு செய்தி உண்டு. அவ்வுணர்கருவியின் உயிர்நாடி ஸிர்கோனியா என்னும் செராமிக்கே. புகைபோக்கியிற் செருகப்பெற்றுச் சூடேறியதும், கலவை கொழுத்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட்டும், மெலிந்தால் 0.1 வோல்ட்டும் காட்டி, கணிப்பொறியைத் திருத்தும். நச்சுப்புகையை மாற்றும் ஊக்கிக்கலத்தின் தேன்கூடும் பெரும்பாலும் செராமிக்கே. பொறிதரும் பிளக்கின் வெண்ணிற உடலும் அலுமினாச் செராமிக்கே. மண்ணைச் சுட்டு அகலும் பியூஸ் கட்டையும் செய்யும் ஊரார்க்கு, அத்தொழிலின் உறவுக்கலை மோட்டாரின் மூச்சையும் ஆள்கின்றது என்பது ஊக்கமளிக்க வேண்டும்.

ஊக்கிக்கலம் 1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களிற் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. அதனைக் கெடுக்கும் ஈயங்கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடெங்கும் நீங்கியது. அக்கலம் செவ்வனே பணிசெய்யக் கலவை மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்றல் வேண்டுமாதலின், கார்புரேட்டர் படிப்படியே விடைபெற்றது. அம்பாஸடரே 1990-களில் 1800 சி.சி. இசுசு என்ஜினைப் பெற்று, பின்னர்ப் பீச்சுமுறைக்கும் மாறியது. புல்லட் 350 மோட்டார் சைக்கிளும் 2020-இல் அவ்வழி சென்றது.

இனிப் பழைய வண்டியை மாற்றும் முறை. பெட்ரோல் தொட்டியின் துருவை நீக்கி, நுண்வடிகட்டியும் மின்பம்பும் அமைக்க வேண்டும். சதுர அங்குலத்திற்கு 40 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டப்படும். இது பழைய பம்பின் அழுத்தத்தினும் ஏறக்குறையப் பத்து மடங்கு. ஆதலின் பழைய குழாயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. சூடான என்ஜின்மேற் சிறு கசிவும் தீயாகும். மிகுந்த பெட்ரோல் தொட்டிக்கு மீளத் தனிக்குழாயும், என்ஜின் நின்றாலும் வண்டி மோதினாலும் பம்பை உடனே நிறுத்தும் ஏற்பாடும் இன்றியமையாதன.

அடுத்து இன்ஜெக்டரை எங்கு வைப்பது என்பது. 1489 சி.சி. பழைய என்ஜினில் நான்கு சிலிண்டர்களுக்குக் காற்று வாயில்கள் இரண்டே. ஒவ்வொன்றையும் இரு சிலிண்டர்கள் பங்கிடும். வாயிலருகே பீச்சினால், ஒன்றன் பங்கை மற்றொன்று கவர்ந்துகொள்ளும். எனவே கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இன்ஜெக்டரோடு கூடிய திராட்டில் உறுப்பை வைத்தல் எளிய வழி. முன்பக்கக் கப்பியிற் பற்சக்கரம் பொருத்தி, ஒரு பல்லை ஒழித்துவிட்டால், அவ்விடைவெளி கொண்டே கணிப்பொறி என்ஜினின் சுழற்சிநிலையை அறியும். பழைய டைனமோ மெதுவோட்டத்திற் போதிய மின்சாரம் தராது, ஆல்டர்னேட்டர் வேண்டும். நேர்முனை உடலோடு இணைந்த மிகப் பழைய வண்டியாயின் எதிர்முனைக்கு மாற்றுதல் வேண்டும். இறுதியாக, வேகத்திற்கும் சுமைக்கும் ஏற்ற பெட்ரோல் அளவுகளைப் பட்டியலாக எழுதி, வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டும். இதுவே பொறுமையைச் சோதிக்கும் பகுதி.

செய்யத்தக்கது என்பதனாலேயே எல்லாரும் செய்யத்தக்கதாகிவிடாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவு விவரத்திற்கு மாறான திருத்தங்களைத் தடுக்கின்றது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தாரை முன்னரே கேட்டறிதல் நன்று. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, என்ஜினிலும் உடலிலும் பெருமாற்றமின்றிப் பழைய வடிவில் உள்ள வண்டியே மரபு வண்டியாகப் பதிவுபெறும். அப்பெருமையை நாடுவோர் கார்புரேட்டரைச் செப்பஞ்செய்து காத்தலே முறை. நாள்தோறும் வண்டியை ஓட்டிப் பிழைப்போர்க்கோ, நன்கு திருத்திய பீச்சுமுறை பெட்ரோலையும் மிச்சப்படுத்தி, ஊர்க்காற்றையும் காக்கும். ஆயினும் நடுவழியில் நின்றால் செப்பமிட வல்லார் அருகில் உண்டோ என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

மற்றொரு கவலையும் உண்டு. ஒலியைச் செவியாற் கேட்டே கலவையின் நிலை உணர்ந்த மெக்கானிக் பெரியவர்களின் கைத்திறம், கற்பாரின்றி மறைந்துகொண்டிருக்கின்றது. அவர்தம் செவியுணர்வும் இளைஞரின் கணிப்பொறி அறிவும் ஒரே பட்டறையிற் கூடுமாயின், இருசாராரும் பிழைப்பர், வண்டிகளும் பிழைக்கும். மொழியிலும் பழையன சில நீங்கிப் புதியன சில சேர்தலை நன்னூலார் உடன்பட்டார்; எனினும் மொழியின் உயிர் மாறுவதில்லை. அவ்வாறே மாற்றுவோர், கழற்றிய கார்புரேட்டரை எண்ணெய்த் துணியிற் சுற்றிப் பத்திரமாக வைப்பாராக; துளையிட்டும் அறுத்தும் மீளாவண்ணம் எதனையுஞ் செய்யாதிருப்பாராக. பின்வருவோர் பழைமையை விரும்பின், அதற்கும் வழி திறந்திருக்கும்.