லாரியில் பழைய போல்ட் துளைகள்

சேலம், நாமக்கல் சமவெளியின் பெருந்தொழில்களுள் ஒன்று லாரித் தொழில். எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய வெற்றுச் சட்டமாக வரும் வண்டிகளுக்கு நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டிலோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் எந்திரங்களை லாரியில் ஏற்றிப் பொருத்துகிறார்கள். பொருத்துவதற்குப் போல்ட் வேண்டும். போல்ட்டுக்குத் துளை வேண்டும். பின்னாளில் பாடியை மாற்றும்போது போல்ட் போய்விடும். துளை மட்டும் நிற்கும். பட்டி வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. காரணத்தைப் பார்ப்போம்.

ஆற்றின் நடுவே பாலத்தின் தூண் நின்றால், நீர் அதன் இருபுறமும் நெருங்கி ஓடுகிறது. இழுவிசைக்கு உட்பட்ட தகட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். துளையின் ஊடே செல்ல முடியாத விசை, அதன் விளிம்பை ஒட்டி நெருக்கமாகச் செல்கிறது. அகன்ற தகட்டில் சிறிய வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு 3 மடங்காகிறது என்று ஜெர்மானியப் பொறியியலாளர் கிர்ஷ் 1898-இல் கணக்கிட்டுக் காட்டினார். தளர்ந்த போல்ட் ஆடி ஆடித் துளையை நீளச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். விசைக்குக் குறுக்காக நீண்ட, நீளம் அகலத்தைப்போல் 3 பங்குள்ள நீள்வட்டத் துளையின் முனையில் தகைவு 7 மடங்காகும்!

மேடு பள்ளமான சாலையில் இந்தத் தகைவு இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. ஒரே முறையில் முறியாத உலோகமும் நாளடைவில் சோர்ந்து விரிசல் விடுகிறது. 1954-இல் காமெட் என்னும் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. தகட்டில் வெட்டிய திறப்புகளின் மூலையருகே தொடங்கிய இத்தகைய விரிசல்களே காரணம் என ஆய்வில் தெரிந்தது.

பட்டி துளையை மறைக்குமே தவிர, விசையைத் தாங்காது. அதனடியில் ஈரம் புகுந்தால் துரு மறைவாகவே வளரும்.

சரியான முறை எது? முதலில், துளை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மட்கார்டு, கதவு போன்ற மெல்லிய தகடானால், பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். துருவால் மெலிந்த பகுதியை வட்டமாக வெட்டி நீக்கி, அதே கனமுள்ள தகட்டுத் துண்டைப் பொருத்தி, எதிரெதிர்ப் புள்ளிகளில் சிறிது சிறிதாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைக்க வேண்டும். ஒரே இடத்தில் சூடேறினால் தகடு நெளிந்துவிடும். மிகச் சிறிய துளையானால், பின்புறம் செம்புத் துண்டை அண்டைகொடுத்து நிரப்பலாம். செம்பு இரும்பைவிட ஏழெட்டு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடுவதால், உருகிய இரும்பு அதில் ஒட்டாது. பிறகு அரைத்துச் சமன்செய்து, துருத்தடுப்புப் பூச்சு இருபுறமும் பூச வேண்டும். பட்டி மேற்பரப்பை மழமழப்பாக்க மட்டுமே.

துளை அடிச்சட்டத்தில் இருந்தால் கதை வேறு. பாரம் ஏறிய சட்டம் வளையும்போது மேல், கீழ் விளிம்புப் பட்டைகளில் தகைவு மிகுதி. நடு உயரத்தில் மிகக் குறைவு. ஆகவேதான் விளிம்புப் பட்டையில் துளை போடாமல், யூ போல்ட் கொண்டு பாடியைக் கவ்விப் பிடிக்கச் செய்கிறார்கள். அங்குள்ள பழைய துளையை அவசரமாகப் பற்றவைத்து அடைப்பதும் ஆபத்தே. பதப்படுத்திய எஃகு அந்த வெப்பத்தில் வலுக் குன்றலாம். ஆறிச் சுருங்கும்போது உள்ளேயே இழுவிசை தங்கிவிடும். வண்டி தயாரிப்பாளரின் விதிமுறைப்படியே இதைச் செய்ய வேண்டும். விரிசல் கண்டால், அதன் நுனியில் சிறு துளையிட்டுக் கூர்மையை மழுக்குவது உண்டு. அது விரிசலின் வேகத்தைத் தணிக்கும் தற்காலிக ஏற்பாடுதான்.

பழைய லாரி வாங்குபவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், வண்டிக்கு அடியில் குனிந்து, துளைகளைச் சுற்றித் துருக்கோடு தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது. மயிரிழை போன்ற அந்தக் கோடு பெரும்பாலும் விரிசலின் அடையாளம். பத்து டன் சரக்கோடு மலைப்பாதையில் இறங்கும் ஓட்டுநரின் உயிர் அந்தச் சட்டத்தை நம்பியே இருக்கிறது.