முன்கை முறிவும் தகட்டுச் சிகிச்சையும்

நெசவாளர்க்கும் உழவர்க்கும் கையே முதற்பொருள். அருப்புக்கோட்டையில் தறியில் அமர்பவரும், சிவகாசியில் பட்டாசுக் குழாய் உருட்டுபவரும், கரிசல் நிலத்தில் பருத்தி எடுப்பவரும் கையை நம்பியே வாழ்கின்றனர். மோட்டார் வாகனங்கள் பெருகிவிட்ட நம் சாலைகளில் விழுந்து முன்கை முறிவோர் பலர். அவ்வேளையில் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இதனை எழுதுகிறோம்.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நிலையாக நிற்க, பெருவிரல் பக்கத்து ஆரை எலும்பு அதன்மேல் புரளுகிறது. உள்ளங்கையில் நீர் ஏந்துவதும், கையைக் கவிழ்த்து அறுந்த இழையைப் பிடிப்பதும் இப்புரளலால் நிகழ்வனவே. ஆரை எலும்பு இயல்பிலேயே சற்று வளைந்தது. அவ்வளைவு கெட்டு எலும்பு கூடினால், வலி நீங்கினாலும் கை முன்போல் திரும்பாது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யப்படுவதை நாம் அறிவோம். கட்டின் பயன் பெரிது. ஆயினும் அதற்கும் எல்லையுண்டு. சிறுவர்க்கு எலும்பு வளரும் பருவமாதலால் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். வளர்ந்தோர்க்கோ, தசைகள் இழுப்பதால் முறிந்த துண்டுகள் கட்டுக்குள்ளேயே விலகிவிடும். ஆகவே, இரண்டு எலும்புகளும் முறிந்த பெரியோர்க்கு அறுவை சிகிச்சையே தக்க முறையாகும்.

ஒவ்வோர் எலும்புக்கும் தனித்தனியே கீறி, துண்டுகளை நேர்படப் பொருத்தி, எஃகு அல்லது டைட்டானியம் தகட்டை வைத்து, முறிவின் இருபுறமும் பொதுவாக மும்மூன்று திருகாணிகளால் இறுக்குவர். 1958இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய மருத்துவர்கள் ஒன்றுகூடி அமைத்த கழகம் இம்முறையைச் செம்மைப்படுத்திப் பரப்பிற்று. இதன் சிறப்பு யாதெனின், சில நாட்களிலேயே விரல்களையும் முழங்கையையும் அசைக்கலாம். எலும்பு கூடப் பெரும்பாலும் மூன்று நான்கு மாதங்கள் ஆகும். எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் இசையும்வரை பளு தூக்கலாகாது. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதிக்கும். தொந்தரவு தராத தகட்டை அகற்ற வேண்டுவதில்லை.

மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதே பெருந்தீங்கு. வீக்கம் ஏற ஏறக் கட்டு இறுகி இரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்தில் தசைகள் மடியத் தொடங்கும். விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் இதனை 1881இலேயே விளக்கியுள்ளார். விரலை நீட்டினால் பொறுக்கவொண்ணா வலியோ, மரப்போ கண்டால் கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கை முறிந்தவுடன் மோதிரம், வளையல்களைக் கழற்றுக. கையை இழுத்து நேராக்க முயலாது, தடித்த அட்டையில் தாங்கலாக வைத்துத் துணியால் கழுத்தில் தொங்கவிடுக. காயமிருப்பின் தூய துணியால் மூடுக. பின்னர் 108ஐ அழைக்கலாம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. சிவகாசியில் காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. சாலை விபத்தாயின், 2021இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும்.

நிற்க. மூன்று மாதக் கூலி போய்விடுமே என்ற அச்சமே பலரை மலிவான கட்டை நாடச் செய்கிறது. அந்நாட்களில் முன்பணம் தந்தும், கைக்கு வருத்தமில்லாத வேலை அளித்தும் தாங்குவது சங்கத்தின் கடமை. ஒருவர் கை ஓய்ந்திருக்கையில் மற்றவர் கைகள் துணைநிற்பதன்றோ கூட்டுறவு!