பழைய சங்கிலி வாளும் பலகை அறுப்பும்

அருமனைப் பகுதித் தோட்டங்களில் காற்றில் சாய்ந்த அயனியும் பலாவும் பல சமயங்களில் விறகு விலைக்கே போய்விடுகின்றன. தடியை மில்லுக்குக் கொண்டு செல்லும் கூலி கட்டுப்படியாவதில்லை. மூலையில் கிடக்கும் பழைய சங்கிலி வாளைச் செப்பனிட்டால், மரம் விழுந்த இடத்திலேயே பலகை அறுக்கலாம். அம்முறையை அங்கத்தினர்களுக்குச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

குறுக்கே அறுக்கும் சங்கிலியின் பற்கள் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அறுக்க அவற்றை அரத்தால் 10 பாகை அளவில் தீட்டவேண்டும்; பலகை வழவழப்பாக வரும். இவ்வேலையில் எஞ்சின் நெடுநேரம் முழு வேகத்தில் உழைக்கிறது. வெடித்த பெட்ரோல் குழாய் வழியே காற்றுப் புகுந்தால், எண்ணெய் கலந்த பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி உராய்ந்து கெடும். ஆகவே குழாயை மாற்றி, பெட்ரோல் சற்று மிகுதியாகச் செல்லும்படி கார்புரேட்டர் திருகை வைத்தல் அவசியம். எண்ணெய்க் கலப்பு, தயாரிப்பாளர் குறித்த அளவே.

வாளின் அலகில் இரும்புச் சட்டம் பொருத்துக. நேரான பலகையொன்றைத் தடியின்மேல் ஆணியடித்து, முதல் அறுப்பை அதன்மேல் ஓட்டுக. ஆணி அறுப்புக் கோட்டை எட்டலாகாது. அடுத்த அறுப்புகளுக்கு அறுத்த முகமே வழிகாட்டி.

சங்கிலியை நிறுத்தும் தடை இல்லாத மிகப் பழைய வாளை இதற்குக் கொள்ளவேண்டாம். பலகையில் வரும் இலாபம் கைக்கு ஈடாகாது. அண்டை அங்கத்தினர் சிலர் கூடி ஒரு நல்ல வாளைப் பராமரித்தால் செலவும் குறையும், அபாயமும் குறையும்.