கையால் தயாரித்த தோட்டா அறையில் இறங்காதது ஏன்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுவோரில் பலர், சுட்ட பின் தரையில் விழும் பித்தளை உறைகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகின்றனர். உறையை மீண்டும் சரியான அளவுக்கு அழுத்தி, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தினால் அது மறுபடியும் தோட்டாவாகிறது. அந்நாட்டில் இது சட்டப்படியான பொழுதுபோக்கு. படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போன நம் பிள்ளைகளில் சிலருக்கும் இந்த ஆர்வம் வருவதுண்டு. அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஓர் அடிப்படைப் பாடம்: தானாக இறங்காத தோட்டாவை ஒருபோதும் திணிக்கக் கூடாது.

கைத்துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் 9 மில்லிமீட்டர் லூகர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்துள்ள அளவுப்படி, அதன் மொத்த நீளம் 29.69 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உறையின் வாய் விட்டம் 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உறையின் வாய் விளிம்பு, குழலின் அறைக்குள் உள்ள ஒரு சிறு படியில் முட்டித்தான் தோட்டா நிற்கிறது. ஆகவே ஒரு மயிரிழை கூடினாலும் தோட்டா உள்ளே போகாது.

இதைச் சோதிப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, குழலைத் தனியே கழற்றி, வாய்ப்பகுதி கீழே பார்க்கும்படி பிடிக்க வேண்டும். தயாரித்த தோட்டாவை அறைக்குள் போட்டால் 'ப்ளங்க்' என்ற ஓசையோடு விழ வேண்டும். விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். குழலைத் தலைகீழாகத் திருப்பினால் தானே வெளியே விழ வேண்டும். இதில் எது தவறினாலும் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

முதலில் அறையைச் சுத்தம் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும். அழுக்கே காரணமாக இருக்கலாம். பிறகும் இறங்காவிட்டால், தோட்டா முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, அறைக்குள் இட்டு, இலேசாகத் திருப்பி எடுக்க வேண்டும். மை எங்கே உரசி அழிந்திருக்கிறதோ அங்கேதான் பிழை.

குண்டின் மேல் மை அழிந்திருந்தால், குண்டு அதிகம் நீட்டிக்கொண்டு குழலின் உள்வரிகளைத் தொடுகிறது. குண்டுகளின் முனை வடிவம் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே 29.69 மில்லிமீட்டருக்குள் இருந்தும் சில குழல்களில் இடிக்கும். குண்டை இன்னும் ஆழமாக இறக்க வேண்டும். ஆனால் ஆழம் கூடினால் உறைக்குள் இடம் குறைந்து அழுத்தம் ஏறும். ஆகவே மருந்தின் அளவை, அச்சிட்ட கையேட்டில் அந்தக் குண்டுக்குத் தரப்பட்ட தொடக்க அளவிலிருந்து மறுபடியும் பார்த்து வர வேண்டும்.

வாய் விளிம்பில் மை அழிந்திருந்தால், குண்டை உட்கார வைப்பதற்காகச் சற்று விரித்த வாய் முழுமையாக மூடப்படவில்லை. அதை நேராகும் வரை மட்டுமே அழுத்த வேண்டும். அளவுக்கு மீறி நெரித்தால் உறை புடைத்து வேறு தொல்லை வரும். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால், குண்டு சாய்ந்து உட்கார்ந்துள்ளது. உறையின் அடிப்பகுதியில் உரசியிருந்தால், முன்பு சுட்டபோது ஏற்பட்ட புடைப்பு சரியாக அழுத்தப்படவில்லை. உறையை அளவுக்குக் கொண்டுவரும் அச்சைப் போதிய ஆழத்துக்கு இறக்கி அமைக்க வேண்டும்.

இவ்வளவு பொறுமை எதற்கு? 9 மில்லிமீட்டர் லூகருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இறங்காத தோட்டாவை வேகமாகத் தள்ளும்போது குண்டு உறைக்குள் பின்னோக்கி நகர்ந்தால், அழுத்தம் அந்த எல்லையையும் மீறிவிடலாம். துப்பாக்கி உடைந்து சுடுபவரின் கையும் கண்ணும் பாதிக்கப்படலாம். பாதியில் சிக்கிய தோட்டாவோ உயிருள்ள நிலையிலேயே குழலுக்குள் கிடக்கும். சோதனையில் தேறாத தோட்டாவை அதற்குரிய கருவியால் பிரித்துவிடுவதே முறை. சில காசு மிச்சம் பார்ப்பதற்காக விரலைப் பணயம் வைக்கலாமா?

நம் நாட்டு வாசகர்களுக்கு இன்னொரு முக்கியச் செய்தி. மலேசியாவில் இது பொழுதுபோக்கு அல்ல. உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம், தோட்டா எதையும் நினைவுப் பொருளாகக் கொண்டுவர வேண்டாம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. பெட்டி கட்டும் முன் பையின் மூலை முடுக்குகளையும் ஒருமுறை உதறிப் பார்க்கச் சொல்லுங்கள்.