கொல்லைக் குழியில் கிடைத்த கல்லில் 4 குறிகள்! சிந்து எழுத்தைப் படிப்பவருக்கு 10 லட்சம் டாலர்!

மயிலாடுதுறை பக்கத்தில் இருக்கிறது செம்பியன்கண்டியூர். பழைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஊர்.

2006-ம் ஆண்டு அங்கே ஒரு பள்ளி ஆசிரியர், வாழையும் தென்னையும் வைக்க வீட்டுக் கொல்லையில் குழி தோண்டினார். கற்கோடரிகள் இரண்டு கிடைத்தன.

காவிரி வண்டலில் கல் ஏது? யாராவது எங்கிருந்தோ கொண்டு வந்து போட்டால்தான் உண்டு. ஆசிரியர் அதைத் தூக்கி எறியவில்லை. தரங்கம்பாடி அருங்காட்சியகத்தில் இருந்த நண்பரிடம் கொடுத்தார். விஷயம் தொல்லியல் துறைக்குப் போனது.

ஒரு கோடரியின் மேல் வரிசையாக 4 குறிகள் கீறப்பட்டு இருந்தன!

"முருகன்" என்று இருக்கிறதா?

அதைப் பார்த்து ஆனந்தப்பட்டவர் ஐராவதம் மகாதேவன். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். சிந்துவெளி எழுத்துகளை ஒன்றுவிடாமல் சேகரித்து, மொத்தம் 417 குறிகள் என்று 1977-ல் பட்டியல் போட்டவர்.

"நாலும் சிந்துவெளி எழுத்துகளே" என்றார் அவர். முதல் குறி, விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் உருவம். இரண்டாவது, குடம் மாதிரி. இரண்டையும் சேர்த்தால் "முருகன்" என்பது அவர் கணிப்பு. கல் தென்னாட்டுக் கல் என்பதால், வடக்கே இருந்து வந்ததல்ல என்றும் சொன்னார்.

மொகஞ்சதாரோ எங்கே, மயிலாடுதுறை எங்கே? நடுவில் 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல்!

ஆனால் எல்லா அறிஞர்களும் தலையாட்டிவிடவில்லை. "எழுத்துதானா, வெறும் கீறலா?" என்று கேட்டவர்களும் உண்டு. 2018-ல் மகாதேவன் காலமானார். வழக்கு மட்டும் முடியவில்லை.

யார் வேண்டுமானாலும் வரலாம்

2025 ஜனவரி 5-ந் தேதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிந்துவெளி கண்டுபிடிப்பின் நூற்றாண்டு கருத்தரங்கு தொடங்கியது. அங்கேதான் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்த அறிவிப்பை வெளியிட்டார். சிந்து எழுத்தின் புதிரை விடுவிக்கும் ஆளுக்கோ அமைப்புக்கோ 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு. அன்றைய மதிப்பில் சுமார் 8½ கோடி ரூபாய்! ஒரே நிபந்தனை, தொல்லியல் அறிஞர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"பெரிய படிப்பு படித்தவங்களுக்குத்தானே?" என்று நினைக்க வேண்டாம். கிரீஸ் நாட்டில் கிடைத்த ஒரு பழங்கால எழுத்தை 1952-ல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் பேராசிரியர் அல்ல. கட்டிடங்களுக்கு பிளான் போடுகிறவர்!

ஜவுளிக்கடை சீட்டு

பிறகு ஏன் இது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை?

ஜவுளிக்கடையில் சேலைச் சீட்டில் அசல் விலையை ரகசிய எழுத்தில் குறிப்பது உண்டு. நூறு சீட்டைச் சேர்த்துப் பார்த்தால் கெட்டிக்காரப் பையன் கண்டுபிடித்துவிடுவான். அது விலை என்பது அவனுக்குத் தெரியும். சேலை என்ன பெறும் என்பதும் தெரியும்.

சிந்து எழுத்தில் அந்தப் பிடி இல்லை. அது என்ன மொழி? தெரியாது. என்ன சேதி? தெரியாது. ஒரு முத்திரையில் சராசரியாக 5 குறிதான். அதற்குள் வாக்கியத்தை எங்கே தேடுவது?

எகிப்து எழுத்துக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஒரே சேதியை மூன்று எழுத்தில் வெட்டிய கல் 1799-ல் கிடைத்தது. அதில் ஒன்று தெரிந்த கிரேக்கம். அதைப் பிடித்துக்கொண்டு 1822-ல் பிரான்ஸ் நாட்டு சம்போலியன் படித்துவிட்டார். சிந்து எழுத்துக்கு அப்படி ஒரு கல் இன்னும் வரவில்லை.

"இது எழுத்தே அல்ல" என்று 2004-ல் மேல்நாட்டு அறிஞர்கள் மூவர் எழுதினார்கள். 50 குறிகள் உள்ள அசல் கல்வெட்டைக் காட்டினால் 10 ஆயிரம் டாலர் தருகிறேன் என்று அவர்களில் ஒருவர் பந்தயமே கட்டினார்!

கழுவாதீங்க, எறியாதீங்க!

ஆக, காகிதத்தில் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. பூட்டுக்குச் சாவி மண்ணுக்குள் இருக்கலாம்.

செம்பியன்கண்டியூர் கல் தற்செயலாக வெளியே வந்தது. முறையாகத் தோண்டியிருந்தால் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று அளந்திருப்பார்கள். காலத்தைப் பற்றிய தகராறு பாதி தீர்ந்திருக்கும். பின்னால் தொல்லியல் துறை அந்த ஊரில் அகழாய்வு செய்தபோது குறிகள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன.

எனவே, போர்செட்டுக்கோ தென்னங்கன்றுக்கோ குழி வெட்டும்போது வழவழப்பான கல்லோ, கீறல் போட்ட ஓடோ தட்டுப்பட்டால் தேய்த்துக் கழுவ வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்த ஆசிரியர் கல்லை வேலிப் பக்கம் வீசியிருந்தால், இந்தப் பேச்சே இருந்திருக்காது!