பிள்ளைகளின் கம்ப்யூட்டர் சான்றிதழ்: எந்தப் பாடம் எந்தத் தேர்வில் வருகிறது?



மதுராந்தகம் பக்கம் குழுக் கூட்டங்களில் உள்கடன் கேட்கும் காரணங்களில் புதுசாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "பொண்ணு சிஸ்டம் அட்மின் கோர்ஸ் சேரணுமாம், பணம் கட்டணும்" என்கிறார்கள். மாட்டுக் கடன் என்றால் எத்தனை லிட்டர் கறக்கும், பால் சொசைட்டியில் என்ன கிடைக்கும் என்று துருவித் துருவிக் கேட்போம். இந்தக் கடனுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். நமக்கு என்ன தெரியும் என்ற தயக்கம்தான் காரணம். கேட்க வேண்டியதைத் தெரிந்துகொள்வது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை.

வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பல கம்ப்யூட்டர்கள் சர்வர் என்ற பெரிய கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். யார் உள்ளே நுழையலாம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம், ராத்திரி நகல் எடுத்தாச்சா என்று பார்த்துக்கொள்பவர்தான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். நிறைய சர்வர்கள் லினக்ஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. அதனால் லினக்ஸ் தேர்வுகளுக்கு மவுசு இருக்கிறது.

அதில் ஒன்று எல்.பி.ஐ.சி.-1. இதை நடத்தும் எல்.பி.ஐ., 1999-ல் கனடாவில் தொடங்கிய லாப நோக்கில்லாத அமைப்பு. இந்த ஒரு சான்றிதழுக்கு இரண்டு தேர்வு எழுதணும்: 101, 102. ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, 90 நிமிடம். பாடத்தலைப்புகளுக்கு வரிசையாக எண் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'எடை' போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். நம் குழுக்களுக்குத் தர மதிப்பீடு செய்யும்போது கூட்டத்துக்கு இவ்வளவு, சேமிப்புக்கு இவ்வளவு என்று மார்க் பிரிப்பார்களே, அதே மாதிரிதான். எடை 4 என்றால் அந்தத் தலைப்பில் ஏறக்குறைய 4 கேள்வி வரும். தேர்வின் எல்லா எடையையும் கூட்டினால் 60.

2018-ல் வந்த 5-ஆம் பதிப்பின்படி முதல் தேர்வில் கட்டளைகள் பகுதிக்கு மட்டும் 26. மென்பொருள் நிறுவுவதற்கு 12, வட்டும் கோப்பு அமைப்பும் 14, இயந்திர அமைப்புக்கு 8. இரண்டாவது தேர்வில் நெட்வொர்க்குக்கு 14, பாதுகாப்புக்கு 10, பயனர் கணக்கு மாதிரி நிர்வாக வேலைகளுக்கு 12. திரையின் தோற்றம் சம்பந்தப்பட்ட பகுதிக்கு வெறும் 4. கோச்சிங்கில் அந்த 4-க்கு இரண்டு வாரமும் 26-க்கு மூன்று நாளும் ஒதுக்கினால் காசு எங்கே போகிறது என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். இந்தப் பட்டியல் எல்.பி.ஐ. தளத்தில் இலவசம். அதற்கு யாரும் பணம் வாங்கத் தேவையில்லை. (பட்டியலில் 104.3-க்கு அப்புறம் நேராக 104.5 வரும். 104.4 என்ற தலைப்பை நீக்கிவிட்டு எண்ணைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பக்கம் காணோம் என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.)

இன்னும் இரண்டு தேர்வுகளின் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. ரெட்ஹாட் நிறுவனத்தின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்டணும். சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. நெட்வொர்க்குக்கானது. 2020 பிப்ரவரி முதல் அது ஒரே தேர்வாகிவிட்டது.

கோச்சிங் சென்டர்கள் மூன்றையும் மூன்று கோர்ஸாக, மூன்று ஃபீஸாக விற்கும். ஆனால் குழுவில் ஒரு உறுப்பினர் கட்டும் 100 ரூபாய் சேமிப்பு அவர் பாஸ் புத்தகத்திலும் வரும், ரொக்கப் புத்தகத்திலும் வரும், பொதுப் பேரேட்டிலும் வரும். நோட்டு மூன்று என்றாலும் பணம் ஒன்றுதானே? பாடமும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆகவே தேர்வுக்கு ஒரு நோட்டு போடாமல், வேலைக்கு ஒரு பக்கம் போடச் சொல்லுங்கள். 'கோப்பு அனுமதி' என்று ஒரு பக்கம். எல்.பி.ஐ.சி.-யில் அது 104.5, எடை 3, ஆர்.எச்.சி.எஸ்.ஏ.-விலும் உண்டு. 'பயனர் கணக்கு' அடுத்த பக்கம். இது 107.1, எடை 5. ரெட்ஹாட் தேர்விலும் செய்து காட்டணும். 'ஐ.பி. முகவரி' இன்னொரு பக்கம். 109.1-ல் எடை 4, சி.சி.என்.ஏ.-வுக்கோ அதுதான் அஸ்திவாரம். ஒரு முறை ஒழுங்காகப் படித்தால் இரண்டு இடத்தில் உதவும்.

ஒத்துப்போகாத இடத்தைச் சிவப்பு மையில் எழுதணும். அங்கேதான் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். மென்பொருள் நிறுவுவதில் டெபியன் முறை, ஆர்.பி.எம். முறை என்று இரண்டு வகை உண்டு. எல்.பி.ஐ.சி. இரண்டையும் கேட்கும், தலா எடை 3. ரெட்ஹாட்டுக்கு மட்டும் தயார் செய்தவருக்கு டெபியன் தெரியாது. எல்.வி.எம். என்ற வட்டுப் பிரிப்பு முறை எல்.பி.ஐ.சி.-1-க்கு அறிமுக அளவில் தெரிந்தால் போதும்; ரெட்ஹாட்டில் கையால் செய்யத் தெரியணும்.

செய்து பழக புது கம்ப்யூட்டர் வாங்கணுமா? வேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக்கில் உருவானது. அந்த மடிக்கணினி வேலை செய்கிற நிலையில் பரண் மேலே கிடந்தால் இறக்குங்கள். கட்டளை பழக அது போதும். புது லினக்ஸ் போட்டுக்கொள்ளவும் செலவில்லை.

இனி கடன் விஷயம். எல்.பி.ஐ.சி.-யின் இரண்டு தேர்வுக்கும் தனித்தனிக் கட்டணம். எதை முதலில் எழுதினாலும் சரி. ஐந்து வருஷத்துக்குள் இரண்டையும் பாஸ் செய்தால் போதும். அதனால் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதல் தேர்வுக்குக் கொடுங்கள்; பாஸ் ஆனதும் அடுத்ததுக்குத் தீர்மானம் போடலாம். கோச்சிங் ஃபீஸில் தேர்வுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். "இதை எழுதினா லினக்ஸ் பிளஸ் சான்றிதழும் சேர்ந்து வரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஏற்பாடு 2019-ல் முடிந்துவிட்டது. பழைய கைடு புத்தகம் பாதி விலைக்குக் கிடைக்கும். அட்டையில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், அதே பதிப்பில்தான் தேர்வு நடக்கிறதா என்று எல்.பி.ஐ. தளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.