பனியனுக்கு நிறம் தந்த உப்பு எங்கே போகிறது?

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், தெரியுமா? நாம் சமையலில் போடும் சோடியம் குளோரைடு, இல்லையென்றால் சோடியம் சல்பேட். தண்ணீரில் நனைந்த பருத்தி நூலில் எதிர் மின்னூட்டம் இருக்கும். சாயத்துக்கும் அதே எதிர் மின்னூட்டம்தான். காந்தத்தின் ஒத்த முனைகளைப் போல இரண்டும் விலகி நிற்கும். உப்பைக் கரைத்தால், அதிலுள்ள சோடியம் அயனிகள் நேர் மின்னூட்டத்தோடு நூலைச் சூழ்ந்து அந்த விலக்கலைத் தணிக்கும். சாயம் நெருங்கி வந்து பிடித்துக்கொள்ளும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கு மேலும் உப்பு போடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான்!

இந்த உப்பு துணியில் தங்காது. அலசும்போது தண்ணீரோடு வெளியேறிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து பல ஆண்டுகள் அது நொய்யலில் கலந்தது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. அதன் குறுக்கே பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுப்பட்ட கிணறுகள் உப்புக் கரித்தன. மண்ணில் உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தாலும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடியாது. நீர் நிறைந்த அணைக்குப் பக்கத்திலேயே பயிர் வாடியது எவ்வளவு பெரிய கொடுமை! உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மீண்டும் திறக்க, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்பதே நிபந்தனை.

அது எப்படி முடியும்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் காற்றைச் செலுத்தும் தொட்டி இருக்கும். அங்கே வளரும் பாக்டீரியாக்கள் கரிம அழுக்கைத் தின்கின்றன. வீட்டுச் சாக்கடை நீருக்குப் பெரும்பாலும் இவற்றின் உழைப்பே போதும். சாயக்கழிவில் மிஞ்சும் நிறத்தையும் நீக்கிவிடலாம். ஆனால் எந்த பாக்டீரியாவும் உப்பைத் தின்று தீர்க்காது. அதனால் நிறம் போய்த் தெளிந்த நீரைப் பார்த்ததும் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். உப்பு கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது ஆர்.ஓ. நீரை மிகுந்த அழுத்தத்தோடு மெல்லிய சவ்வின் மீது தள்ளுவார்கள். நீர் ஊடுருவிப் போகும், உப்பு பின்தங்கும். பின்தங்கும் நீரில் உப்பு கூடக் கூட இன்னும் அதிக அழுத்தம் தேவைப்படும். ஒரு கட்டத்துக்கு மேல் சவ்வால் முடியாது. அப்போது கொதிக்க வைத்தே ஆகவேண்டும். அதற்கு நிறைய எரிபொருள் வேண்டுமே! இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி வருகிறது. காற்றழுத்தம் குறைந்தால் நீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கும் அல்லவா? கலன்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அழுத்தத்தை முந்தியதைவிடக் குறைப்பார்கள். முதல் கலனில் எழும் நீராவியே இரண்டாவதைக் கொதிக்க வைக்கும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதை.

நீராவி குளிர்ந்தால் நல்ல நீர். அது மறுபடி சாயமேற்றப் போகிறது. மீட்ட உப்பும் அப்படியே.

எல்லா உப்பும் அல்ல. இரண்டு உப்புகளும் அழுக்கோடு கலந்துவிட்ட கலவை உப்பு மிஞ்சுகிறது. அதைச் சாயத்துக்குப் பயன்படுத்த முடியாது. மழை பட்டால் கரைந்து மறுபடி நிலத்தில் இறங்கிவிடும் என்பதால், நனையாமல் காத்து வைக்கவேண்டியிருக்கிறது. பிரிக்க ஒரு வழி உண்டு. கரைசலை நன்றாகக் குளிர்வித்தால் சோடியம் சல்பேட் படிகமாகக் கீழே இறங்கும். சோடியம் குளோரைடோ பெரும்பாலும் கரைந்தே நிற்கும்.